நிறம்: மெரூன்

பள்ளிப்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால்
அந்த ஷெட்டைக் கட்டியவர்
கார் நிறுத்தவா கட்டினார்?
அரிசி மூட்டைக்குக் காற்று வேண்டுமென்று
மேற்குச் சுவரில் மூன்று கண்ணாடி ஜன்னல் வைத்தார்.
அரிசி போய் வெகுநாளாயிற்று.
காற்று வந்ததே இல்லை.
வெயில் மட்டும்
கையெழுத்துப் போட வரும் ஜாமீன்காரனைப் போல
மூன்று மணிக்கு
நாள் தவறாமல் ஆஜர்.

நடு ஜன்னலுக்கு நேரே நிற்கிறது
குற்ற எண் 214.
டிக்கியில் நாலு செம்மரக் கட்டையோடு
நகரி ரோட்டில் பிடித்த வண்டி.
மகஜரில் என் கையால்தான் எழுதினேன்,
நிறம்: மெரூன்.

சாவி என்னிடம்.
ஓட்டக் கூடாது, கழுவக் கூடாது,
ஒரு திருகாணியும் குறையக் கூடாது.
வெளுக்கலாமா என்பதைப் பற்றி
எந்த உத்தரவிலும் ஒரு வரி இல்லை.

முதல் சித்திரையிலேயே டேஷ்போர்டு
ஏரி உள்வாய் மாதிரி வெடித்தது.
ஸ்டியரிங்
பழைய வெல்லமாய்ப் பிசுபிசுத்தது.
கதவு ரப்பரைத் தொட்டால்
விரலெல்லாம் கரி.

வாய்தாவுக்கு வரும் நாளெல்லாம்
முனிரத்தினம் ஷெட்டை எட்டிப் பார்ப்பார்.
ஓட்டியது தம்பி. வண்டி இவர் பேரில்.
தவணை இன்னும் பதினோரு மாதம்.
‘பண்டி எண்டிப்போயிந்தி மேடம்’ என்றார் ஒருநாள்,
நிலக்கடலைக் கொல்லையைச் சொல்வது போல.

ஜன்னலுக்குத் திரை கேட்டு எழுதினேன்.
‘லாக்கப்புக்கே ஃபேன் இல்லை, தயாபரி.
காருக்குத் திரையா?’
சிரித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர்
கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தார்.

தெலுங்குப் பேப்பர் ஒட்டினேன்.
ஒரே மாதத்தில் பேப்பருக்கு மஞ்சள் காமாலை.
சுண்ணாம்பு அடித்தேன்.
ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போனது.
கோணிச் சாக்கு இரண்டு கிடைத்தது,
இரண்டு ஜன்னலுக்கு.
மூன்றாவதற்கு
என் பழைய காக்கி பேன்ட்டைப் பிரித்து ஆணியடித்தேன்.
பிறகு வெயில்
பாக்கெட் ஓட்டை வழியாக வந்தது,
ஒரு ரூபாய் அகலத்துக்கு.

ஆனால் தாமதம்.
பானெட்டும் இடப்பக்கமும்
அதற்குள் வேறு வண்டியாகிவிட்டன.

ஐந்தாம் வருஷம்
நடுவரே ஷெட்டுக்கு நேரில் வந்தார்.
தம்பியின் வக்கீல்
கறுப்புக் கோட்டில் வியர்த்தபடி
மகஜரை உரக்கப் படித்தார்.
‘மெரூன் என்கிறது காகிதம்.
நிற்பதோ வெளிறிய ரோஜா.
ஐயா, இது அந்த வண்டியே இல்லை.’
சேஸிஸ் எண் இருக்கிறதே என்றார் அரசு வக்கீல்.
எல்லோரும் குனிந்தோம்.
துருவுக்குள் இருப்பது எட்டா மூன்றா
என்று அரைமணி நேரம்.

முனிரத்தினம் மட்டும் குனியவில்லை.
அந்த வண்டி இல்லை என்று ஆனால்
தம்பி தப்புவான்.
வண்டி?
யாருடையதும் இல்லாத வண்டியை
யாரிடம் போய்க் கேட்பது?
என்னைப் பார்த்தார்.
பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.
பிடித்த அன்று ராத்திரி
மைதா பசை காய்ச்சி
குற்ற எண் எழுதிய காகிதத்தை
பானெட்டில் ஒட்டியது நான்.
எழுத்து எப்போதோ மறைந்துவிட்டது,
காகிதம் அப்பளமாய் நின்றது.
நடுவரிடம் அனுமதி கேட்டு
தண்ணீர் தெளித்து
நகத்தால் நெம்பினேன்.

உள்ளே
முழ நீளம், சாண் அகலம்,
மெரூன்.

வக்கீல் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டார்.
நடுவர் ஏதோ எழுதினார்.
முனிரத்தினம் கிட்டே வந்து
அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பது போல.
சந்தோஷமா துக்கமா,
எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும்தான்.

தீர்ப்பு தை மாதத்துக்குத் தள்ளிப்போனது.
எல்லோரும் போன பிறகு மணி பார்த்தேன்.
மூன்றுக்குப் பத்து நிமிஷம்.
வேறு காகிதத்தில் 214 என்று எழுதி
கொஞ்சம் பசை காய்ச்சி
அதே இடத்தில்
நாலு மூலையும் பொருந்த
ஒட்டிவிட்டு வந்தேன்.